அரக்கு முத்திரை வைத்த சூப்பு

பொருள் தர நிர்ணய அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. அதற்குள் ஒரு செங்கல், ஒரு முழம் கயிறு, ஒரு துடைப்பம், ஒரு பூட்டு என்று இருநூற்றுப் பதினேழு சாமான்கள் அரக்கு முத்திரையோடு உட்கார்ந்திருந்தன. நாட்டில் யார் செங்கல் சுட்டாலும் அது அந்தச் செங்கலைப் போல இருக்க வேண்டும். யார் துடைப்பம் கட்டினாலும் அந்தத் துடைப்பத்தைப் போல இருக்க வேண்டும். இல்லையென்றால் அது செங்கலும் இல்லை, துடைப்பமும் இல்லை. சட்டம் அப்படி.

இந்த பீரோவின் சாவி யாரிடம் இருந்ததோ அவருக்கு மாதிரிக் காப்பாளர் என்று பதவிப் பெயர். காலையில் பீரோவைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். மாலையில் மறுபடி எண்ணிப் பார்த்துப் பூட்டுவார். பன்னிரண்டு வருஷத்தில் செங்கல் ஒருநாள்கூட ஓடிப்போனதில்லை. ஆனாலும் எண்ணாமல் விட்டதில்லை மனிதர். அவ்வளவு கடமை உணர்ச்சி.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கையில் ருசி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அலுவலகத்துக்கு எதிரே நடைபாதை ஓரமாக நின்ற சூப்பு வண்டி.

சும்மா சொல்லக் கூடாது, அந்த சூப்புக்கு ஒரு கைமணம் இருந்தது. உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், தக்காளி, ஒரு பிடி பயறு, எல்லார் வீட்டு அடுக்களையிலும் கிடக்கிற சங்கதிதான். ஆனால் வண்டிக்காரி, அவளை எல்லாரும் சூப்பக்கா என்பார்கள், கடைசியில் மிளகுத்தூளை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு, கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு தட்டி நீட்டுவாள். முதல் வாய் உள்ளே போனதும் மூன்றாம் மாடி, பீரோ, செங்கல் எல்லாம் மறந்து போகும். காப்பாளருக்குத் தினமும் பன்னிரண்டரை மணிக்கு இருபது நிமிஷம் அப்படி மறக்கக் கிடைத்தது. அதை வைத்துத்தான் மீதி நாளை ஓட்டினார்.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பதினொன்றரைக்குப் பானை மூடியைத் திறப்பாள். இரண்டு மணிக்கு சூப்பு தீர்ந்துவிடும். உடனே பானையைக் கழுவி வண்டி மேலேயே கவிழ்த்து வைப்பாள். கவிழ்த்த பானை என்றால் கடை முடிந்தது, மந்திரியே வந்து நின்றாலும் நாளைக்குத்தான். என்றைக்காவது இரண்டு கரண்டி மீந்தால் அந்த வழியாகப் போகிற யாரையாவது கூப்பிட்டு ஊற்றிவிடுவாள்.

"நேத்து வச்சதை இன்னைக்கு ஊத்த என் கை வராது தம்பி," என்பாள்.

இந்த வண்டிக்குப் பிரபலம் வந்து சேர்ந்தது ஆஹாக்காரரால். அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாருக்கும் தெரியாது. குச்சி முனையில் செல்போனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவார், ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி "ஆஹா!" என்பார், அதை லட்சம் பேர் பார்ப்பார்கள். அவர் அக்காவின் சூப்பைக் குடித்து மூன்று ஆஹா சொன்ன மறுநாள், வரிசை முனை திரும்பி வங்கி வாசல்வரை போனது. அடுத்த வாரம் தெருவின் நாலு மூலையிலும் நாலு போலி வண்டிகள் முளைத்தன. நாலிலும் சூப்பக்காவின் படம். ஒரு வண்டியில் அந்தப் படத்துக்குக் கீழே முறுக்கு மீசை வைத்த ஒரு ஆள் கரண்டி பிடித்துக்கொண்டு, "நான்தான் சூப்பக்கா," என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா காப்பாளரிடம் மூக்கைச் சிந்தினாள்.

"வெந்நியில மாவைக் கரைச்சு என் பேரைச் சொல்லி விக்கிறாங்க தம்பி. குடிச்சவங்க என்னை வந்து திட்டுறாங்க. இவ்வளவு பெரிய ஆபீஸ் வச்சிருக்கீங்க, எதுத்தாப்புல நிக்கிற எனக்கு ஒரு அத்தாட்சி குடுக்கக் கூடாதா?"

காப்பாளருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் யாருமே எதுவுமே கேட்டதில்லை. "கவலையை விடுங்க அக்கா, இதை நான் பாத்துக்கிறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாடியேறினார். ஏறும்போதே குறிப்பின் முதல் வரி மனசில் வந்துவிட்டது: 'மேற்படி சூப்பு பாதுகாக்கப்பட வேண்டியது.'

அந்த ஒரு வரியை எழுதாமல் அன்றைக்கு அவர் பேசாமல் துடைப்பத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம்.

இயக்குநர் குறிப்பைப் படித்துவிட்டு மேஜையைத் தட்டினார். "சபாஷ்! நம்ம ஆபீஸ்ல இதுவரைக்கும் யாரும் வாயில போடற பொருளைத் தொட்டதே இல்லை. செங்கல்லைக் காட்டியே எத்தனை காலம் தள்ளறது? குடுத்துடுவோம் அங்கீகாரம். விதி பதினாலு என்ன சொல்லுது?"

"அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மாதிரி நம்ம பீரோவுல நிரந்தரமா இருக்கணும் சார்."

"அப்ப ஒரு புட்டி சூப்பு எடுத்து முத்திரை வச்சுடுங்க."

"சார்... சூப்பு கெட்டுப்போயிடுமே சார்."

"செங்கல் கெட்டுச்சா?"

"இல்ல சார்."

"கயிறு?"

"இல்ல சார்."

"பன்னிரண்டு வருஷத்துல உங்க பொறுப்புல இருந்த ஏதாவது ஒண்ணு கெட்டிருக்கா?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்ப சூப்பு மட்டும் ஏன் கெடப்போகுது? 'என் பராமரிப்புல கோளாறு வரும்'னு இப்பவே எழுதிக் குடுக்கறீங்களா? குடுங்க. இன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணிடறேன், எனக்கும் வேலை சுலபம்."

காப்பாளர் எழுதிக் கொடுக்கவில்லை. அவருக்குக் குடும்பம் இருந்தது.

விழா விமரிசையாக நடந்தது. அக்கா பானையின் நடுவிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றினாள். காப்பாளர் அரக்கை உருக்கி வாயை அடைத்து முத்திரை பதித்தார். மாதிரி எண் 218. ஒப்பீட்டுக் குழு கையெழுத்துப் போட்டது. அந்தக் குழுவில் மூன்று பேர்: இயக்குநர், செங்கல் பொறியாளர், சட்ட அலுவலர். மூன்று பேருக்கும் சூப்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது சூடாக இருக்கும் என்பதுதான். அக்கா கண்ணாடி போட்ட சான்றிதழை வண்டியில் மாட்டிவிட்டு, அன்றைக்குக் காப்பாளருக்கு மட்டும் இரண்டு ரொட்டி அதிகமாகக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் புட்டிக்குள் சூப்பு கலங்கியது. ஐந்தாம் நாள் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குமிழி மேலே வந்தது. எட்டாம் நாள் அரக்கு முத்திரை தானாகவே ஒரு விரற்கடை எழும்பி நின்றது, காப்பாளர் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தார். பத்தாம் நாள் பீரோவைத் திறந்தபோது துடைப்பம்கூட நாறியது.

வீட்டில் மனைவி அவர் சட்டையை இரண்டு விரலால் பிடித்துக் கொல்லைக் கொடியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

"என்னங்க, உங்க ஆபீஸ்ல எலி கிலி செத்துக் கிடக்கா?"

"அதெல்லாம் அரசாங்க விஷயம். உன்கிட்ட சொல்ல முடியாது."

"நீங்க சொல்லவே வேணாம். தெருமுனையில வரும்போதே தெரியுது."

பதினைந்தாம் நாள் முதல் ஒப்பீடு. மேஜையின் மேல் இடப்பக்கம் புட்டி, வலப்பக்கம் அக்காவின் வண்டியிலிருந்து அப்போதுதான் வாங்கிவந்த கிண்ணம். காப்பாளர் முத்திரையை உடைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா எழுந்து போனது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் மூச்சு விடவில்லை.

கெட்டுவிட்டது என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எப்படிச் சொல்வார்கள்? மாதிரி கெட்டது என்றால் கையெழுத்துப் போட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பொறியாளர் கரண்டி நுனியை நனைத்து நாக்கு நுனியில் வைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மாதிரி... ரொம்ப அழுத்தமா இருக்கு சார்," என்றார்.

சட்ட அலுவலரும் நனைத்தார். "சட்டப்படி மாதிரி மாறாது. மாதிரிக்கும் வண்டிக்கும் வித்தியாசம் இருந்தா, மாறினது வண்டிதான்."

"அதேதான்!" என்றார் இயக்குநர். அவர் எதையும் நாக்கில் வைக்கவில்லை. பதவி உயர உயர நாக்குக்கு வேலை குறைவு. "எழுதிக்குங்க."

காப்பாளர் எழுதினார். மறுநாள் அக்காவுக்கு அறிவிப்பு போனது. 'தங்கள் சூப்பு, மாதிரி எண் 218-உடன் ஒப்பிட்டதில் கீழ்க்கண்ட குறைபாடுகள் காணப்படுகின்றன. புளிப்பு அறவே இல்லை. நுரை இல்லை. மேலே படிய வேண்டிய ஆடை படியவில்லை. பச்சை நிறம் போதாது. திறந்தவுடன் சத்தம் வரவில்லை. பதினைந்து நாட்களுக்குள் மாதிரிக்கு இணையாகத் தரத்தை உயர்த்தாவிட்டால் வண்டி அப்புறப்படுத்தப்படும்.'

கொண்டுபோய்க் கொடுத்ததும் காப்பாளர்தான். அக்கா இரண்டு தரம் படித்தாள்.

"இது என்ன தம்பி? ஊசிப்போன சூப்பை விக்கச் சொல்றீங்களா?"

"அப்படி எங்கேயும் எழுதலை அக்கா. தரத்தை உயர்த்தச் சொல்லித்தான்..."

"புளிக்கணும், நுரைக்கணும், பச்சையா இருக்கணும். இதுக்கு எங்க வீட்டுல வேற பேரு! பதினெட்டு வருஷமா ஒரு ராத்திரிகூட மீந்ததை நான் மூடி வச்சதில்லை. உங்களை நம்பித்தானே அத்தாட்சி கேட்டேன்? நல்லா வச்சீங்க எனக்கு ஆப்பு!"

கிண்ணத்தை அவள் வழக்கம்போலத்தான் நீட்டினாள், கரண்டியால் தட்டவில்லை.

அன்றைக்கு வீட்டில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அரசாங்க ரகசியத்தை மனைவியிடம் அவிழ்த்துவிட்டார். அவள் கேட்டுவிட்டுச் சிரிக்கக்கூட இல்லை. "இதுக்கா இந்தப் பாடு? அந்தக் கருமத்தைக் கொட்டிட்டு, அந்தம்மாகிட்ட புது சூப்பு வாங்கி ஊத்தி வச்சுட்டுப் போங்களேன். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு யோசனை அவருக்குத் தோன்றியதே இல்லை. மறு ஒப்பீட்டன்று காலையிலேயே அக்காவிடம் முதல் கரண்டியை வாங்கிப் புட்டியைக் கழுவி ஊற்றி, புதிதாக அரக்கு வைத்தார். இனி இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அக்கா பிழைத்துக்கொள்வாள், நாமும் பிழைத்துக்கொள்வோம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

குழு கூடியது. முத்திரை உடைந்தது. மிளகு மணம் அறை முழுக்கப் பரவியது. பொறியாளர் புட்டிக்குள் எட்டிப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது.

"சார்! மாதிரி கெட்டுப்போச்சு சார்!"

"என்ன சொல்றீங்க?"

"போன தடவை குறிப்பைப் பாருங்க. பச்சை நிறம்னு இருக்கு, இது ஆரஞ்சா இருக்கு. நுரைன்னு இருக்கு, நுரையைக் காணோம். ஆடையைக் காணோம். நாத்தம்... மன்னிக்கணும், மணம் போயிடுச்சு. சுத்தமா கெட்டுப்போச்சு!"

சட்ட அலுவலர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இன்னொரு வாயும் குடித்தார். "ஆமா, குடிக்கிற மாதிரி ஆயிடுச்சு," என்றார் வருத்தத்தோடு, மூன்றாவது வாய்க்குப் புட்டியைச் சாய்த்துக்கொண்டே.

இயக்குநர் காப்பாளர் பக்கம் திரும்பினார். "ஒரு புட்டி சூப்பைப் பத்திரமா வச்சுக்கத் தெரியலை உங்களுக்கு? நாட்டோட சூப்பு நம்ம கையில இருக்குய்யா! ஏழு நாள் தர்றேன். மாதிரி பழைய நிலைமைக்கு வரணும். வரலைன்னா நீங்களும் இருக்க மாட்டீங்க, அந்த வண்டியும் இருக்காது."

ஏழு நாள். காப்பாளர் புட்டியில் அரை ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, மறுபடி அரக்கு வைத்து, ஜன்னல் ஓரம் வெயிலில் வைத்தார். மேகம் வந்தால் மேகத்தைத் திட்டினார். வெயில் நகர நகரப் புட்டியையும் நகர்த்தினார். மூன்றாம் நாள் முதல் குமிழி மேலே வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழாம் நாள் அரக்கு தானே எகிறிச் சுவரில் போய் அடித்தது. குழு ஓடிவந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு கைகுலுக்கியது. சிறந்த பராமரிப்புக்கான பாராட்டுச் சான்றிதழ் அந்த வருஷம் அவருக்குத்தான்.

அக்காவுக்கு இனிப் போக்கிடம் இல்லை. ஒரு திங்கட்கிழமை இரண்டு மணிக்கு, பானையில் பாதி சூப்பு இருக்கும்போதே, அதைக் கவிழ்க்காமல் மூடி வைத்தாள். "என் கையாலேயே இதைச் செய்ய வச்சுட்டீங்களே தம்பி," என்று அழுதாள். வியாழக்கிழமை அதைத் திறந்து ஊற்றுவதற்கு அவளால் முடியவில்லை. வீட்டுக்காரரை வண்டியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாள். அவருக்குப் பத்து வருஷமாகச் சளி, மூக்கு வேலை செய்யாது. இந்த உத்தியோகத்துக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

வரிசை கலைந்து ஓடிவிடும் என்றுதான் காப்பாளர் நினைத்தார். அவர் பயந்ததும் அதுதான், உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் அதுதான். ஆனால் அன்றைக்கென்று ஆஹாக்காரர் வந்து சேர்ந்தார். 'அரசு அங்கீகாரம் பெற்ற ஒரே சூப்பு' என்ற பலகையை முதலில் காட்டினார். பிறகு கிண்ணத்தை எடுத்து ஒரு பெரிய வாயாகக் குடித்தார். லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் ஒரு நிமிஷம் எங்கெங்கோ போய் வந்தது. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. விழுங்கிவிட்டார்.

"ஆஹா..." என்றார் தழுதழுத்த குரலில். "ஆழம்!"

முடிந்தது கதை. மறுநாளிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும் ஆழம், ஆழம். வெறும் ருசி பழைய பாணியாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் எத்தனை நாள் சூப்பு குடிப்பார்?" என்று விசாரித்தார்கள். "நாங்கள்லாம் நாலு நாளுக்குக் கீழே தொடறதில்லைங்க," என்று பையனின் அப்பா பெருமையாகச் சொன்னார். சூப்பு குடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தவனை, நிஜமாகவே அங்கேதான் குடித்தானா என்று சந்தேகமாகப் பார்த்தார்கள். மருந்துக் கடையில் 'சூப்புக்குப் பின்' என்று தனிப் பலகை தொங்கியது. விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சல், உறவினர் மரணம் என்பவற்றோடு சூப்பையும் அச்சடித்துச் சேர்த்துவிட்டார்கள்.

போலி வண்டிகளைப் பிடிக்கப் பறக்கும் படை அமைந்தது. அதன் முதல் அறிக்கை இப்படி இருந்தது: 'மேற்படி வண்டியில் நல்ல மணம் வீசியது. குடித்தவர் எவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் இரண்டாவது கிண்ணமும் கேட்டார். எனவே இது போலி என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.' மீசைக்காரன் கெட்டிக்காரன். ஒரே வாரத்தில் பானையை மூடி வைக்கக் கற்றுக்கொண்டு தப்பித்தான்.

இந்த அமர்க்களத்தில் காப்பாளரின் பன்னிரண்டரை மணி பறிபோனது. அவரும் தினம் வரிசையில் நின்று ஒரு கிண்ணம் வாங்குவார், அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, "ஆழம்," என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது மாடிப்படி ஓரத்துப் பூந்தொட்டியில் ஊற்றுவார். செடி பத்தே நாளில் செத்தது. மனிதர் இளைத்துப் போனார். பசியைக்கூடத் தாங்கிக்கொண்டார். கரண்டியின் முதுகால் விழுகிற அந்த ஒரு தட்டுச் சத்தம் இல்லாமல்தான் அவரால் இருக்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம், அலுவலகத்துக்குப் பின்னால் அச்சகத்துச் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். மூக்கில் மிளகு. காதில் அந்தத் தட்டு. காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள்.

"அக்கா!"

"சத்தம் போடாதீங்க தம்பி!" அக்கா பதறிப்போனாள். "நான் அக்கா இல்லை. இது போலி வண்டி. அங்க ஊசினதுதான் அசல், இங்க நல்லது போலி. மாசம் ரெண்டாச்சு. சமைக்காம என்னால இருக்க முடியலை, அதான். பிடிச்சுக் குடுத்துடுவீங்களா?"

"ஒரு கிண்ணம் குடுங்க அக்கா," என்றார் காப்பாளர்.

அவள் மிளகைக் கிள்ளிப் போட்டாள், விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள், நீட்டினாள். முதல் வாய்க்கே அவருக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அக்காவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "உங்க மேல எனக்குக் கோவம் போயிடுச்சு தம்பி. இதை மட்டும் யாரும் தொடாம இருந்தாப் போதும். இன்னொரு தடவை அத்தாட்சி கித்தாட்சின்னு வந்துடாதீங்க. தாங்க மாட்டேன்."

"என் உயிர் இருக்கிறவரைக்கும் வராது அக்கா."

அவர் சத்தியம் செய்து வாயை மூடவில்லை, காகிதக் கட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ சூப்பை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பொறியாளர். மடியில் கைக்குட்டை விரித்துக்கொண்டு ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் சட்ட அலுவலர். கொஞ்சம் தள்ளி, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, செல்போன் இல்லாமல், ஆஹா சொல்லாமல், கப்சிப்பென்று குடித்துக்கொண்டிருந்தார் ஆஹாக்காரர். அந்தக் கட்டுகளுக்குப் பின்னால் இருபது முப்பது பேர் இருந்தார்கள், ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி. அலுவலக வாசல் வரிசையில் முன்னால் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். கடைசியில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, இயக்குநர்.

கண்ணும் கண்ணும் சந்தித்தன.

"நான் ஆய்வுக்கு வந்தேன்," என்றார் பொறியாளர்.

"நானும் ஆய்வுக்குத்தான்," என்றார் சட்ட அலுவலர். "இது மூணாவது கிண்ணம். நல்லா ஆய்வு பண்ண வேண்டியிருக்கு."

ஊரே ஒரே குரலில் ஆய்வுக்கு வந்ததாகச் சொன்னது. இப்போது எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கிண்ணத்தைக் கடைசிச் சொட்டுவரை வழித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன ருசி! என்ன ருசி!" என்றார். "இப்படி ஒண்ணு சந்துல அனாதையா கிடக்கலாமா? இது பாதுகாக்கப்பட வேண்டியது!"

அக்காவின் கையிலிருந்து கரண்டி நழுவிப் பானைக்குள் விழுந்தது. "ஐயா, வேணாங்கய்யா! உங்க காலைப் பிடிக்கிறேன். வண்டியை வேணும்னாலும் எடுத்துக்கங்க, அங்கீகாரம் மட்டும் பண்ணிடாதீங்க!"

"பயப்படாதீங்கம்மா, அரசாங்கம் உங்க பக்கம் இருக்கு," என்றார் இயக்குநர் உருக்கமாக. "காப்பாளரே! ஒரு மாதிரி எடுங்க."

காப்பாளர் அக்காவைப் பார்த்தார். செய்த சத்தியத்துக்கு இன்னும் ஈரம் காயவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது நிமிர்ந்து பேசிவிட வேண்டும் என்று மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"சார், வேண்டாம் சார். இது கெட்டுப்போயிடும்."

"எது? உங்க பொறுப்புல இருக்கிற மாதிரியா? அப்ப அந்தப் பாராட்டுச் சான்றிதழை எதுக்கு வாங்கினீங்க? திருப்பிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறீங்களா?"

இழுத்த மூச்சு அப்படியே இறங்கியது. "இல்ல சார்... கைவசம் புட்டி இல்லை, அதான் சொன்னேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் இருபது புட்டிகள் நீண்டன. வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துப் போகலாம் என்று ஒவ்வொருத்தரும் பைக்குள் ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். அரக்கு காப்பாளரின் சட்டைப்பையிலேயே இருந்தது, எப்போதும் இருக்கும். அவர் கை தானாகவே வேலையைச் செய்தது. ஒரு கரண்டி, ஒரு தீக்குச்சி, ஒரு அழுத்து. மாதிரி எண் 219. அச்சகத்துத் துண்டுக் காகிதத்தில் மூன்று கையெழுத்துகளும் விழுந்தன.

முத்திரை காய்ந்ததுமே ஒரு விஷயம் நடந்தது. ஆஹாக்காரர் பாதி குடித்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். இனி இது அங்கீகாரம் பெற்ற சூப்பு, நாலு பேர் முன்னால் புத்தம் புதிதாகக் குடித்தால் என்ன நினைப்பார்கள்?

"இப்ப குடிச்சா இது வெறும் சூப்புதான்," என்றார் ஆஹாக்காரர், தொப்பியை நேராக்கிக்கொண்டு. "ஆழம் வர எத்தனை நாள் ஆகும் அக்கா?"

அக்கா பானையின் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, வண்டி மேல் அப்படியே கவிழ்த்தாள். மணி பன்னிரண்டே முக்கால்தான். பானை நிறைய இருந்தது. கேரட்டும் பயறும் மிளகுமாக அவ்வளவும் சந்தின் சாக்கடையில் ஓடியது. எல்லாரும் காலை ஒதுக்கிக்கொண்டு நின்று பார்த்தார்கள். இயக்குநர் மட்டும் எச்சிலை விழுங்கினார்.

காப்பாளர் புட்டியோடு மாடியேறினார். கைக்கு இதமாக இன்னும் சூடு இருந்தது. அவருக்கோ நல்ல பசி, அரைக் கிண்ணம்தான் குடித்திருந்தார். ஊரில் மிச்சமிருந்த நல்ல சூப்பு அந்த ஒரு புட்டிதான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று அரக்கின் மேல் நகத்தை வைத்தும் பார்த்தார். படியில் இறங்கி வந்த மூன்று பேர் புட்டியைப் பார்த்துவிட்டு, "எப்ப தயாராகும்?" என்று ஆவலாகக் கேட்டார்கள்.

"ஏழு நாள்," என்றார் காப்பாளர். மூன்றாம் மாடிக்குப் போய், பீரோவைத் திறந்து ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். பிறகு ஜன்னலில் வெயில் எந்த மூலையில் நன்றாக விழுகிறது என்று பார்த்து, புட்டியை அங்கே வைத்தார்.